பதினேழாவது தடவையும் சிவப்பு

அத்தியாயம் 4

பல்பு மூன்று முறை வெள்ளையாகக் கண் சிமிட்டியது. ஃபிர்மேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பல்பு நிதானமாகச் சிவப்புக்கு மாறியது.

"பதினேழு," என்றான்.

"எண்ணாதேப்பா," என்றாள் ஜினெட். "நீ எண்ண எண்ண எனக்கு வேர்க்குது."

வேர்த்ததற்குக் காரணம் அவன் எண்ணியது மட்டும் அல்ல. ஜூலை மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றே கால். மாண்ட்ரியலில் அந்த வாரம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். ஒன்றாம் தேதி வாடகை ஒப்பந்தங்கள் முடிவதால், வழக்கம்போல ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் வீடு மாற்றியிருந்தார்கள். அவர்கள் தெருவில் தள்ளிவிட்டுப் போன மெத்தைகளும் சோபாக்களும் நடைபாதையெங்கும் கிடந்தன. மிரெய் கோத்ரோவும் அன்றுதான் ரோஸ்மோன் பகுதியில் இருந்த இந்த மூன்றடுக்கு வீட்டின் நடுத்தளத்துக்குக் குடிவந்தாள். ஹால் முழுக்கப் பிரிக்காத பெட்டிகள். ஜன்னலில் ஏ.சி. இருந்தது. அதுவும் வைஃபை கிடைத்தால்தான் வேலை செய்வேன் என்று சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தது. அதன் ரிமோட் எந்தப் பெட்டியில் என்பது அந்த ரிமோட்டுக்குத்தான் தெரியும்.

ஏ.சி., முன்வாசல் பூட்டு, ஐந்து பல்புகள், வாசல் கேமரா. பழைய வீட்டில் எட்டு வருடம் ஒழுங்காக உழைத்த சாமான்கள். புது வீட்டு வைஃபையைக் காட்டினால் எல்லாம் ஒரே குரலில் முடியாது என்றன. மிரெயின் போன் ஏறியது, லேப்டாப் ஏறியது. மற்றது எதுவும் ஏறவில்லை. ஃபிர்மேன் ரவுட்டரை அணைத்துப் போட்டான். பல்பை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துப் பார்த்தான். அலைவரிசையை மாற்றினான். பூட்டின் முதுகில் ஊசி குத்தி அதன் பழைய நினைவையெல்லாம் துடைத்தான். ஒவ்வொரு முறையும் போன் திரையில் ஒரே வாசகம்: 'இணைக்க முடியவில்லை. மீண்டும் முயலவும்.'

"ஏன் முடியலேன்னு சொல்றானா பாருங்க, மேடம். இருபது வருஷம் டாக்ஸி ஓட்டினேன். குடிச்சிட்டு ஏறினவன்கூட எங்கே போகணும்னு சுமாரா சொல்லுவான்."

அந்த டாக்ஸியில்தான் மூன்று வருடத்துக்கு முன் ஜினெட் வாயாங்கூர் ஏறினாள். தொலைபேசிக் கம்பெனியில் இருபத்தேழு வருடம், மிரட்டல் அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவள். ஓய்வு பெற்ற பதினோராம் நாளே அலுப்புத் தட்டித் துப்பறியும் பலகை மாட்டினாள். ஃபிர்மேன் டாக்ஸியை விற்றுவிட்டு உதவியாளனாகச் சேர்ந்தான். வாய் மட்டும் டாக்ஸிக்காரன் வாயாகவே இருந்துவிட்டது.

"இன்னொரு தடவை பார்ப்போமா?" என்று கேட்டுக்கொண்டே மிரெய் சமையலறையிலிருந்து வந்தாள். நாற்பத்தைந்து வயது. பாடப்புத்தகப் பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துபவள். காதுக்குப் பின்னால் சிவப்புப் பென்சில் ஒன்று எப்போதும் இருந்தது, இந்த வெயிலிலும். பாஸ்வேர்டை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். ஒவ்வொரு முறையும் போனை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தானே தட்டிக் கொடுத்தாள். பதினேழு முறையும் அப்படித்தான்.

"வேண்டாம், மதாம்," என்றாள் ஜினெட். "உங்க வக்கீல் என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா?"

"தெரியும். ஒரே ஒரு வரி. 'வெளியாள் குறுக்கீடு இருக்கிறது'னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். நாலு மணிக்கு மனு போகுது. மாயெல் இனிமே அவர்கூட எந்த சனி ஞாயிறும் போகமாட்டா."

மாயெல் அவளுடைய பன்னிரண்டு வயது மகள். அவர் என்றது ரேஜான், விவாகரத்தான கணவன். இன்று மாலை ஐந்து மணிக்கு வேனில் வந்து மகளை ஏரிக்கு மீன்பிடிக்க அழைத்துப் போவதாக இருந்தான். மனு விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது.

"நேத்து என் பொண்ணு ஒன்றரை மணி நேரம் வெளிப்படியில வெயில்ல நின்னா," என்றாள் மிரெய். "நான் வேலையில இருக்கேன். போன்ல கதவைத் திறக்கப் பார்க்கிறேன், திறக்கமாட்டேங்குது. மாடி வீட்டுக்காரங்க தண்ணி குடுத்திருக்காங்க. இந்தச் சாமான் எல்லாம் அவர் வாங்கி மாட்டினது. என்னவோ பண்ணி வெச்சுட்டுத்தான் குடுத்திருக்கார். இதைப் படிங்க."

போனை நீட்டினாள். ஒன்றாம் தேதி இரவு ஒன்பது பத்துக்கு ரேஜானிடமிருந்து வந்த செய்தி. 'பூட்டும் விளக்கும் படுத்துடுச்சு போல. நான் வந்து பார்க்கட்டுமா?'

"நான் யார்கிட்டயும் சொல்லல. அவருக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. படியிறங்கும்போது ஃபிர்மேன் அதையே ஜினெட்டிடம் கேட்டான். அவள் திருப்பிக் கேட்டாள்:

"கெடுத்தவனே உதவிக்கு வரட்டுமான்னு கேட்பானாப்பா?"

"கேட்பான், மேடம். கொளுத்திப் போட்டவன்தான் முதல் ஆளா வாளியத் தூக்கிட்டு ஓடி வருவான். எங்க தெருவிலேயே பார்த்திருக்கேன்."

"அப்ப வாளியைப் பார்த்துட்டு வருவோம். வண்டியை எடு."

இரும்பு வளைபடியின் கடைசிப் படியில் மாயெல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பையும், துணி உறையில் தூண்டிலும். ஐந்து மணிக்கு வரும் அப்பாவுக்கு ஒன்றரைக்கே தயாராகிவிட்டாள். ஃபிர்மேன் அவளைப் பார்க்காமல் வண்டிக் கதவைத் திறந்தான்.

*

ரேஜான் லிப்ட் மெக்கானிக். நகர மையத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தான். இன்னும் சரியாகச் சொன்னால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். லிப்டுக் கூண்டின் தலையில் நின்று வேலை செய்ததால், திறந்திருந்த கதவு வழியாக அவன் முகம் மட்டும் இவர்களுடைய காலணி உயரத்தில் தெரிந்தது. இருவரும் குந்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

"விசாரணைன்னா ஆளைத்தான் மேலேயும் கீழேயும் பார்ப்பாங்க," என்று முணுமுணுத்தான் ஃபிர்மேன். "இங்க நாமளே இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கு."

ஜினெட் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அவங்க வீட்டுப் பூட்டு வேலை செய்யலேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரேஜான் கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினான். ஒரே மாதிரி மெயில்கள், கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. 'முன்வாசல் பூட்டு: தொடர்பு இல்லை.' 'ஹால் விளக்கு: தொடர்பு இல்லை.'

"அறுபத்து மூணு வந்திருக்கு. அந்தச் சாமானை எல்லாம் முதல்ல என் மெயில்லதான் பதிவு பண்ணினேன். அவளை ரெண்டாவது ஆளா சேர்த்தேன். பிரிஞ்சப்ப பாத்திரம் பண்டம் பிரிச்சோம், இதைப் பிரிக்க மறந்துட்டோம். ஏன், என்ன ஆச்சு? அவ பதிலே போடல."

ஃபிர்மேன் ஜினெட்டைப் பார்த்தான். வாளி காலி.

"இங்கே இருந்து நீங்க அந்தப் பூட்டை ஆட்ட முடியுமா?"

"வைஃபையில ஏறினா ஆட்டலாம். அதுதான் ஏறவே இல்லையே. லிப்டுல ஏறாதவனை நான் எந்த மாடியில இறக்கறது?"

"பழைய வீட்டுல வைஃபையில ஏத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம். முதல் நாள் மட்டும்..." என்றவன் நிறுத்திக்கொண்டான். "விடுங்க, பழைய கதை."

"பழைய பாஸ்வேர்டை எழுதிக் குடுங்க."

"அது எதுக்கு இப்போ? புது வீடு, எல்லாம் புதுசுன்னு மாத்தியிருப்பா."

"எழுதுங்க."

சட்டைப் பையிலிருந்து லிப்டுப் பராமரிப்பு அட்டை ஒன்றை எடுத்து அதன் முதுகில் எழுதினான். எழுதி முடித்து, ஒரு கணம் பார்த்து, எதையோ அடித்துவிட்டு நீட்டினான். ஜினெட் படித்தாள். அவள் புருவம் ஏறி இறங்கியது. அட்டை கைப்பைக்குள் போய்விட்டது. ஃபிர்மேன் கழுத்தை நீட்டியது வீண்.

"மாயெல் எப்படி இருக்கா?" என்று கேட்டான் ரேஜான். "ஏரியில படகு சொல்லி வெச்சிருக்கேன். போன வருஷம் ஒரு மீன்கூட மாட்டல. இந்தத் தடவை விடக்கூடாதுன்னு மூணு மாசமா போன்ல சொல்லிட்டே இருக்கா."

ஃபிர்மேன் எழுந்து சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். இந்த மனிதன் ஐந்து மணிக்குச் சிரித்துக்கொண்டே வந்து நிற்பான், மிரெய் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை நீட்டுவாள். அதை நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

*

வண்டி நகரவில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். தோண்டியவர்களைத்தான் காணவில்லை. ஜினெட் வக்கீல் துக்கேயைப் போனில் பிடித்து அவகாசம் கேட்டாள். நாலு மணி என்றால் நாலு மணிதான், அதற்குமேல் திங்கட்கிழமை ஆகிவிடும், குழந்தை அதற்குள் போய்விடும் என்று வக்கீல் வைத்துவிட்டாள்.

"மணி மூணு, மேடம். ரேஜான் நல்லவன்னு நமக்குத் தெரியும். எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"அவர் நல்லவர்னு எழுதினா பல்பு எரியுமா? எரியாத வரைக்கும் அந்தம்மா நம்பமாட்டாங்க. பிழை எங்கேன்னு காட்டணும்."

"அவன் எழுதின பாஸ்வேர்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அந்த ஒண்ணும் இல்லாததுதான்பா விஷயம்," என்றாள் ஜினெட்.

ஃபிர்மேன் ஹாரனை அழுத்தினான். முன்னால் இருந்தது ஒரு கூம்பு. அது ஒதுங்கவில்லை.

*

வீடு வந்தபோது மணி மூன்று முப்பத்தொன்று. மாயெல் அதே படியில் இருந்தாள்.

"சார், பூட்டு சரியாயிடுச்சா?"

"ஆயிடும்மா," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது.

மேலே, ஜினெட் ஒரு வெள்ளைக் காகிதத்தை மிரெயிடம் நீட்டினாள். "உங்க பாஸ்வேர்டை எழுதுங்க, மதாம்."

"அதைக் காகிதத்துல எழுதக்கூடாது."

"பதினேழு தடவை சிவப்பு வரக்கூடாதுதான். வந்துதே. எழுதுங்க, படிச்சதும் கிழிச்சுடறேன்."

மிரெய் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அச்சுக்கோத்த மாதிரிக் கையெழுத்து. மகளின் பெயரும் பிறந்த வருடமும். பிரெஞ்சில் எழுதிய அந்தப் பெயரின் மூன்றாவது எழுத்தான 'e'க்கு மேலே கச்சிதமாக இரண்டு புள்ளி.

"இது என்ன?" என்று ஜினெட் புள்ளிகளின் மேல் விரலை வைத்தாள்.

"என்னன்னா? அதுதான் பேரு. அதை எடுத்தா மாயெல் இல்ல, மெல். மூணாம் வகுப்புல ஒரு வருஷம் முழுக்க மெல், மெல்னுதான் கூப்பிட்டாங்க. அவ அப்பா பள்ளிக்கூட ஃபாரத்துல புள்ளியை விட்டுட்டார். பெத்த பொண்ணு பேரை ஒழுங்கா எழுதத் தெரியாத மனுஷன்."

புள்ளி ஒன்று இருந்தால் ஓர் ஒலி, இல்லாவிட்டால் வேறு ஒலி என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மிரெயின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் ஆபத்தாகப் போயிருந்தது.

"உங்க போனுக்கு இந்தப் புள்ளி தெரியும், லேப்டாப்புக்கும் தெரியும்," என்றாள் ஜினெட். "இந்தப் பல்பையும் பூட்டையும் செஞ்சவங்க இந்தப் புள்ளியைப் பார்த்ததே கிடையாது. நீங்க ஒண்ணு குடுக்கறீங்க, அது வேற ஏதோ புரிஞ்சுக்கிட்டுப் போய் ரவுட்டர்கிட்ட சொல்லுது. ரவுட்டர் விரட்டிவிடுது. யாரும் உங்க வீட்டுக்குள்ள கை வைக்கல, மதாம். ரவுட்டர்ல பாஸ்வேர்டை மாத்துங்க. ரெண்டு புள்ளியை மட்டும் எடுத்துடுங்க."

"முடியாது."

ஃபிர்மேன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பத்திரண்டு.

"வேற ஏதாவது வார்த்தை வெச்சுக்கலாமே," என்றாள் ஜினெட்.

"இது என் வீடு. விவாகரத்துக்கு அப்புறம் நானே பார்த்து, நானே பிடிச்ச வீடு. கதவு என் பொண்ணு பேர்லதான் திறக்கணும். அந்தப் பேரைத் தப்பா எழுதச் சொல்றீங்க. ஒரு பல்புக்குத் தெரியலேங்கறதுக்காக."

ஃபிர்மேனுக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. கிண்டலாக ஆரம்பிக்கத்தான் நினைத்தான்.

"மதாம், கதவு உங்க பொண்ணு பேர்லதான் பூட்டிக்கிட்டுது. நேத்து அவளை ஒன்றரை மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சது ரேஜான் இல்ல. இந்த ரெண்டு புள்ளிதான். இன்னும் கொஞ்ச நேரத்துல இதே ரெண்டு புள்ளி அவளுக்கு அப்பாவையும் இல்லாம பண்ணப்போகுது. இலக்கணம் பார்க்கிற நேரமா இது?"

அவன் குரல் அவனுக்கே உரக்கக் கேட்டது. ஜினெட் அவனை அடக்கவில்லை.

மிரெய் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். இந்த முறை முதுகைக் காட்டவில்லை. பெயரைத் தட்டினாள். மூன்றாவது எழுத்தில் விரல் தயங்கியது. வெறும் எழுத்தை அழுத்தினாள். ஃபிர்மேன் போனை எடுத்துப் பல்பைத் தேடினான். மூன்று முறை வெள்ளையாகக் கண் சிமிட்டியது.

பச்சை.

அடுத்தது பச்சை. பூட்டு உள்ளுக்குள் ஒருமுறை உருண்டு நின்றது. கேமரா விழித்தது. கடைசியில் ஜன்னல் ஏ.சி. ஒரு கனைப்புக் கனைத்து மூன்று நாள் புழுக்கத்தின் மேல் குளிரைக் கக்கியது. ஃபிர்மேன் போய் அதன் முன்னால் சட்டைப் பித்தானை அவிழ்த்துக்கொண்டு நின்றான்.

மிரெய் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு கசப்புச் சிரிப்புச் சிரித்தாள். "ஆக, பழைய வீட்டுல எட்டு வருஷம் எல்லாம் ஓடினதுக்குக் காரணம் அவரோட அலட்சியம். புள்ளி வெக்கத் தெரியாதவர் வெக்காம விட்டார், ஓடிடுச்சு."

"அப்படித்தான் தோணும்," என்றாள் ஜினெட். கைப்பையைத் திறந்து லிப்டு அட்டையை மேசைமேல் வைத்தாள். "இதைப் பாருங்க. நீங்க பிழை திருத்தறவங்க. அடிச்ச எழுத்தை என்னைவிட நல்லாப் படிப்பீங்க."

ஃபிர்மேன் ஏ.சி.யை விட்டுவிட்டு ஓடி வந்தான். அட்டையில் கிரீஸ் விரல் தடம். கோணலான எழுத்தில் மாயெலின் பெயர். மூன்றாவது எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தது, இரண்டின் மேலும் ஒரு குறுக்குக் கோடு.

"கை தானா எழுதறப்ப புள்ளியோடதான் எழுதுது," என்றாள் ஜினெட். "அப்புறம் பாஸ்வேர்டு அப்படி இல்லையேன்னு ஞாபகம் வந்து அடிக்கிறார். வெக்கத் தெரியாத ஆள் இல்ல இவர். தெரிஞ்சே எடுத்தவர். 'முதல் நாள் மட்டும்'னு ஆரம்பிச்சு நிறுத்திக்கிட்டார். அந்த முதல் நாள் என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மிரெய் அட்டையைத் தொடவில்லை. குனிந்து அந்தக் குறுக்குக் கோட்டைப் பார்த்தாள்.

"அன்னைக்கு விடிய விடிய ஏணி மேல நின்னுட்டிருந்தார்," என்றாள். "ஒரு பல்புக்கு இவ்வளவு நேரமான்னு நான் திட்டிட்டுத் தூங்கப் போயிட்டேன். காலையில எல்லா விளக்கும் எரிஞ்சுது. ஃப்ரிட்ஜ் மேல பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார். புள்ளி இல்லாம." நிறுத்தினாள். "நான் இந்தப் பென்சிலை எடுத்து, அவர் கண்ணெதிர்ல ரெண்டு புள்ளி வெச்சேன். பெருசா. வந்தவங்க போனவங்க எல்லாரும் பார்க்கற மாதிரி."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. காபி குடிச்சுட்டு வேலைக்குப் போயிட்டார்." கண்ணைத் துடைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் அவர் குணம்தான். ஆனா நானும் கேட்கல."

ஜினெட்டின் போன் அலறியது. மூன்று ஐம்பத்தாறு. வக்கீல் துக்கே.

"மதாம் வாயாங்கூர், மனு ரெடி. உங்க ஒரு வரிக்குத்தான் உட்கார்ந்திருக்கேன். சொல்லுங்க."

"வரி என்கிட்ட இல்ல," என்று ஜினெட் ஒலிபெருக்கியைப் போட்டு மிரெய் முன்னால் வைத்தாள். "உங்க கட்சிக்காரர் சொல்வாங்க."

மிரெய் போன் பக்கம் குனிந்தாள். "மனுவை அனுப்பாதீங்க. நிறுத்திடுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை. "இப்ப வந்தா? சரி, உங்க இஷ்டம். ஆனா கோப்புல காரணம் எழுதியாகணும். என்னன்னு போடறது?"

"எழுத்துப் பிழைன்னு போடுங்க."

"எழுத்துப் பிழையா? யாரோட பிழை?"

பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களின் பிழையைச் சுழித்துச் சுழித்தே பென்சில்களைத் தேய்த்த பெண்ணுக்கு அந்தக் கேள்வி புதிது. ஃபிர்மேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த நேரத்தில் ஒருத்தியின் முகத்தைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"என்னோடது," என்றாள் மிரெய். "அப்படியே எழுதுங்க. திருத்த வேண்டாம்."